செத்துக்கொண்டிருக்கும் திலாப்பியாவுக்குத் தடுப்பூசி போடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கூண்டில் வளரும் திலாப்பியா கால் கிலோவைத் தாண்டியபின் கண் பிதுங்கி, உடம்பு கறுத்து, வட்டமடித்து நீந்தி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து மிதக்கிறது. ஆன்டிபயாட்டிக் கலந்த தீவனம் கொடுத்தால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. இதற்குத் தடுப்பூசி இருக்கிறதாமே, அதைத் தீவனத்தில் கலந்து கொடுக்க முடியுமா, இல்லையென்றால் அத்தனை மீனுக்கும் ஒவ்வொன்றாக ஊசி குத்த வேண்டுமா, அந்த மீனைச் சாப்பிட்டால் ஏதாவது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் நீங்கள் நேராகக் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: இப்போது கூண்டில் இருக்கும் மீனைத் தடுப்பூசி காப்பாற்றுமா? காப்பாற்றாது. ஆனால் அடுத்து நீங்கள் விடப்போகும் குஞ்சுகளை அது காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதற்கான வேலையை இன்றே தொடங்கவும் முடியும்.

நான் மீன் நோயியல் படித்துவிட்டு, குஞ்சுப் பொரிப்பகங்களிலும் கூண்டுப் பண்ணைகளிலும் தடுப்பூசி போடும் குழுக்களோடு பல வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே அடிக்கடி பார்த்த தவறு, சாவு தொடங்கிய பிறகு அவசர அவசரமாகத் தடுப்பூசி போடுவதுதான். தடுப்பூசி என்பது கொல்லப்பட்ட கிருமியையோ, பலம் குறைக்கப்பட்ட கிருமியையோ மீனின் உடம்புக்கு முன்கூட்டியே அறிமுகப்படுத்தும் வேலை. எதிர்ப்பு சக்தி உருவாக உடம்புக்கு நாள் வேண்டும். ஏற்கெனவே மூளைக்குள் போய்விட்ட பாக்டீரியாவை அது விரட்டாது. போதாக்குறைக்கு, ஊசி போடுவதற்காக மீனை வலையில் ஒதுக்கி, அள்ளி, மயக்கி, கையில் பிடித்துத் திருப்பும்போது அதன் உடம்பில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுகிறது, இருக்கும் எதிர்ப்பு சக்தியும் சில நாட்களுக்கு இறங்குகிறது. அறிகுறி தெரியாமல் கிருமியைச் சுமந்துகொண்டிருந்த மீன்களும் அந்த வாரம் சாகின்றன. பழி தடுப்பூசியின் மேல் விழுகிறது.

ஆன்டிபயாட்டிக் தீவனத்தில் நோய் அடங்கித் திரும்புவது ஏன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நோய் முற்றிய மீன் தீவனமே எடுக்காது. மருந்து போய்ச் சேர்வது இன்னும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மீன்களுக்குத்தான். அவற்றில் நோய் தள்ளிப்போகிறது, ஆனால் கிருமி சில மீன்களின் மூளையிலும் கண்ணிலும் தங்கிவிடுகிறது, தண்ணீரிலும் அக்கம்பக்கத்து மீன்களிலும் இருக்கிறது. மருந்தை நிறுத்தியதும் மறுபடி ஆரம்பம். இந்தச் சுற்றை ஒவ்வொரு முறை திரும்பச் செய்யும்போதும் மருந்துக்கு மசியாத கிருமிகளை நீங்களே பொறுக்கி வளர்க்கிறீர்கள். அதனால் இப்போதிருக்கும் மீனுக்கு, ஆய்வகத்தில் எந்த மருந்து கேட்கிறது என்று பார்த்தபின் ஒரே ஒரு முறை முழு அளவில், முழு நாட்களுக்கு, மீன் நோய் தெரிந்த மருத்துவரின் சொல்படி கொடுங்கள். அப்புறம் நெருக்கத்தைக் குறையுங்கள், செத்த மீனைக் காலையும் மாலையும் எடுத்து அப்புறப்படுத்துங்கள். வெயில் உச்சத்தில் தீவனத்தைக் குறைப்பதும் பலன் தரும். தண்ணீர் சூடாக இருக்கும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு, செரிமானத்துக்கோ கூடுதல் ஆக்சிஜன் வேண்டும்.

சரி, அடுத்த பேட்சுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முதல் படி, என்ன கிருமி என்று தெரிந்துகொள்வது. நீங்கள் சொன்ன அறிகுறிகள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைத்தான் காட்டுகின்றன. கண் பிதுங்குவது, கண் வெளுத்து மூடுவது, சுழன்று நீந்துவது, பெரிய மீனாகப் பார்த்துச் சாவது, தண்ணீர் சூடேறும் மாதங்களில் வருவது எல்லாம் அதன் வழக்கம். ஆனாலும் அறிகுறியை மட்டும் வைத்து யாராலும் உறுதி சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். திலாப்பியா ஏரி வைரஸ் என்று ஒன்று இருக்கிறது, அதிலும் உடம்பு கறுக்கும், கண் கெடும், கூட்டம் கூட்டமாகச் சாகும். அதற்கு எந்தப் பாக்டீரியா தடுப்பூசியும் உதவாது. ஃபிரான்சிசெல்லா என்ற பாக்டீரியா தண்ணீர் சற்றுக் குளிர்ந்திருக்கும்போது வரும், வயிற்றைத் திறந்தால் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் வெள்ளை முடிச்சுகள் தெரியும். ஏரோமோனாஸ் இன்னொன்று. அது பெரும்பாலும் மீன் ஏற்கெனவே அடிபட்டோ, ஆக்சிஜன் குறைந்தோ பலவீனப்பட்டபின் உள்ளே நுழையும் கிருமி. அதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டிவிட்டார்கள் என்பதாலேயே அதுதான் மூல காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாதிரி எடுப்பதில் ஒரு விஷயம். செத்து மிதந்து ஊதிய மீனை அனுப்பாதீர்கள், அதில் அழுகல் பாக்டீரியாதான் வளரும். இன்னும் உயிர் இருக்கிற, ஆனால் தள்ளாடி நீந்துகிற நாலைந்து மீனைப் பிடியுங்கள். ஆன்டிபயாட்டிக் கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பே பிடிப்பது முக்கியம். மூளையிலிருந்தும் தலைப்பக்கச் சிறுநீரகத்திலிருந்தும் எடுத்து வளர்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் மூளையில் பெரும்பாலும் அது மட்டுமே தனியாக வளரும். ஆய்வகம் தூரமென்றால் மீனைப் பையில் போட்டு ஐஸின் மேல் வைத்து அன்றே கொண்டுபோங்கள், ஃப்ரீசரில் உறைய வைக்காதீர்கள். அறிக்கையில் மூன்று விவரம் கேட்டு வாங்குங்கள்: எந்த இனம், அந்த இனத்துக்குள் எந்த உள்வகை (சீரோடைப்), எந்த ஆன்டிபயாட்டிக் வேலை செய்கிறது.

சீரோடைப்பைத் தனியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திலாப்பியாவைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே ஒரே முகத்தோடு வருவதில்லை. அதன் மேலுறையின் சர்க்கரை அமைப்பை வைத்து ஒன்று-ஏ, ஒன்று-பி, மூன்று என்று முக்கியமாக மூன்று வகை மீனில் காணப்படுகின்றன. மீனின் உடம்பு பெரும்பாலும் அந்த மேலுறையைத்தான் அடையாளம் கண்டுகொள்கிறது. அதனால் ஒன்று-பி வகைக்காகச் செய்த தடுப்பூசி, மூன்றாம் வகை கிருமி இருக்கும் கூண்டில் ஏமாற்றிவிடலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே என்பது வேறு இனமே, அதற்குத் தனித் தடுப்பூசி வேண்டும். 1990-களின் நடுப்பகுதியில் இஸ்ரேலில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன்களுக்கு இனியே தடுப்பூசி போட்டு நோயை அடக்கினார்கள். சில வருடத்திலேயே மேலுறை மாறிய புதிய வகை கிளம்பி, தடுப்பூசி போட்ட மீன்களையே தாக்கியது. யெர்சினியா என்ற பாக்டீரியாவால் ட்ரவுட்டின் வாய் சிவந்துபோகும் 'செவ்வாய்' நோயிலும் இதே கதை: தடுப்பூசி நெடுங்காலம் நன்றாக வேலை செய்தபின், நகரும் இழை இல்லாத யெர்சினியா வகைகள் தடுப்பூசி போட்ட பண்ணைகளிலேயே தலைகாட்டின. தடுப்பூசி எடுபடவில்லை என்று ஒரு பண்ணையாளர் சொல்லும்போது நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான், மருந்தின் தரத்தை அல்ல.

மீனுக்குத் தடுப்பூசி போடுவது புதிதாக வந்த யோசனை இல்லை. 1942-இல் கனடாவில் டேவிட் டஃப் என்பவர், மீனின் உடம்பில் கொப்புளம் வரும் ஃபுருங்குலோசிஸ் நோயின் கிருமியைக் குளோரோஃபாரத்தில் கொன்று, தீவனத்தில் கலந்து ட்ரவுட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார். சாவு குறைந்தது. அப்புறம் ஆன்டிபயாட்டிக்குகள் வந்துவிட்டதால் இந்த வழியில் வேலை பல வருடம் மந்தமாகிவிட்டது. விற்பனைக்கு அனுமதி பெற்ற முதல் மீன் தடுப்பு மருந்து, நான் மேலே சொன்ன செவ்வாய் நோய்க்கானது, 1976-இல் அமெரிக்காவில் வந்தது.

மீனின் உடம்பு இதை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், எந்த முறை ஏன் என்பது தானே புரியும். மீனுக்கு நம்மைப் போல எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாவதில்லை, நிணநீர்க் கணுக்களும் இல்லை. தலைப்பக்கச் சிறுநீரகம், மண்ணீரல், தைமஸ் ஆகியவைதான் அந்த வேலையைச் செய்கின்றன. ரத்தத்தில் ஐஜிஎம் என்ற எதிரணு (ஆன்டிபாடி) முக்கியம். செவுள், தோல், குடல் போன்ற இடங்களில் ஐஜிடி என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது கண்டுபிடிக்கப்பட்டதே 2005-இல்தான். மீனின் எதிர்ப்பு சக்திக்கும் பழைய கிருமியை நினைவு வைத்திருக்கும் ஆற்றல் உண்டு, ஆனால் அது பாலூட்டிகள் அளவுக்குக் கூர்மையானது அல்ல. ரொம்பச் சின்னக் குஞ்சுக்கு இந்த அமைப்பு முழுதாக உருவாகியிருக்காது. ஒரு கிராம்கூட எடை இல்லாத குஞ்சுக்குத் தடுப்பு மருந்து காட்டினால் பாதுகாப்பு வராது, வந்தாலும் சீக்கிரம் கரைந்துவிடும்.

இன்னொன்று வெப்பநிலை. மீன் குளிர் ரத்தப் பிராணி என்பதால் எதிர்ப்பு சக்தி உருவாகும் வேகம் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. இதைக் கணக்கிட வெப்பநிலையையும் நாட்களையும் பெருக்குவார்கள். எண்ணெய் சேர்ந்த ஊசி மருந்துக்குப் பொதுவாக 400 முதல் 500 வரை வர வேண்டும். 10 டிகிரி தண்ணீரில் சால்மனுக்கு இது ஒன்றரை மாதம். 28 டிகிரியில் இருக்கும் உங்கள் திலாப்பியாவுக்கு ஏறக்குறைய இரண்டரை வாரத்தில் அந்த எண்ணிக்கை வந்துவிடும். இந்தக் கணக்கு குளிர்நீர் மீன்களை வைத்துப் பிறந்தது, வெதுவெதுப்பான தண்ணீருக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்வது தோராயம்தான். அதனால் நான் மூன்று வாரம் விடச் சொல்வேன். அந்த மூன்று வாரமும் மீன் நோயில்லாத தொட்டியிலோ குளத்திலோ இருக்க வேண்டும். ஊசி போட்ட அன்று மாலையே பழைய கூண்டில் கொண்டுபோய் விட்டால் எல்லா உழைப்பும் வீண்.

தடுப்பு மருந்தைச் செலுத்த மூன்று வழி இருக்கிறது: தண்ணீரில் முக்குவது, தீவனத்தில் கொடுப்பது, வயிற்றுக்குள் ஊசி போடுவது. முக்குவது குஞ்சுகளுக்கு. ட்ரவுட்டுக்கும் கடல் மீன்களுக்கும் வரும் செவ்வாய் நோய், விப்ரியோ என்ற பாக்டீரியா நோய் ஆகியவற்றின் தடுப்பு மருந்துகளில் வழக்கமான அளவு, ஒரு லிட்டர் மருந்தை ஒன்பது லிட்டர் தண்ணீரில் கலந்து, வலையில் அள்ளிய குஞ்சுகளை அரை நிமிடம் அதில் முக்கி எடுப்பது. அந்தப் பத்து லிட்டரில் அடுத்தடுத்து மொத்தம் 100 கிலோ வரை குஞ்சுகளை முக்கலாம். காற்று விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீரின் சூடு மீன் வந்த தொட்டியின் சூட்டோடு ஒத்திருக்க வேண்டும். செவுளும் தோலும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். வேலை சுலபம், பாதுகாப்பு சில மாதம். ஆனால் இந்த முறை எல்லாக் கிருமிக்கும் ஒரே மாதிரி எடுபடாது. விப்ரியோவுக்கும் யெர்சினியாவுக்கும் அருமையாக வேலை செய்கிறது. கொல்லப்பட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸை முக்கிக் கொடுத்ததில் கிடைத்த பாதுகாப்பு பொதுவாகக் குறைவு.

தீவனம்தான் நீங்கள் ஆசைப்படும் வழி. எல்லாப் பண்ணையாளருக்கும் அதே ஆசைதான், எனக்கும்தான். மீனைத் தொட வேண்டாம், மயக்க வேண்டாம், கூலி ஆள் வேண்டாம். சிக்கல் மீனின் வயிற்றுக்குள் இருக்கிறது. திலாப்பியாவின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது, மருந்திலிருக்கும் புரதத்தைச் சாதாரண உணவு போலச் செரித்துவிடும். எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இடம் குடலின் பின்பகுதி, அங்கே முழுதாகப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். அதைத் தடுக்க, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் போன்ற பொருளால் உறை போட்டுக் கொடுக்கிறார்கள், அது ஓரளவு உதவுகிறது. அடுத்த சிக்கல், முந்தி வரும் பெரிய மீன் இரண்டு பங்கு தின்னும், ஓரத்தில் ஒதுங்கியது ஒன்றும் தின்னாது. எல்லாவற்றுக்கும் ஒரே டோஸ் என்று சொல்லவே முடியாது. தொடர்ந்து பல வாரம் கொடுத்தால் உடம்பு அதை உணவாக எண்ணிக் கண்டுகொள்ளாமல் விடும் ஆபத்தும் உண்டு. ஆகவே தீவன மருந்தை, முன்பே ஊசியோ முக்கலோ பெற்ற மீனுக்கு இரண்டாம் தவணையாகக் கொடுப்பது நியாயம். அதை மட்டும் நம்பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்கும் தண்ணீரில் குஞ்சு விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். அமெரிக்காவில் கெளுத்தி மீனைத் தாக்கும் எட்வர்ட்சியெல்லா இக்டலூரி கிருமிக்கு, பலம் குறைத்த உயிருள்ள கிருமியைத் தீவனத்தில் தெளித்துக் கொடுக்கும் முறையை மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கினார்கள். குளத்தில் இருக்கும் குஞ்சுகளுக்கு அப்படியே கொடுக்கலாம். உயிருள்ள கிருமி தானே குடல் சுவரைத் தாண்டி உள்ளே போய்க் கொஞ்ச நாள் தங்குவதால், உண்மையான தொற்று வந்தது போலவே உடம்பு பதில் கொடுக்கிறது. ஆனால் பலம் குறைத்த கிருமி பழையபடி பலம் பெறுமா, வேறு மீன்களுக்குப் பரவுமா என்ற கவலை நியாயமானது. அதனால் அதைச் சோதித்து அனுமதி கொடுக்கக் காலம் பிடிக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே மனிதருக்கும் நோய் தரும் இனம் என்பதால் அங்கே இந்த வழி இன்னும் கூடுதல் எச்சரிக்கை கேட்கிறது.

மிச்சம் ஊசி. ஆம், ஒவ்வொரு மீனாகத்தான். கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் கை பழகியவர் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் மீனுக்கு மேல் போட்டுவிடுவார். பெரிய சால்மன் பண்ணைகளில் இதற்கு இயந்திரமே வந்துவிட்டது. திலாப்பியாவில் 15 கிராமுக்குக் கீழே போடுவது சிரமம், 20 முதல் 40 கிராம் வரை வசதியான அளவு. குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து வளர்ப்புக் கூண்டுக்கு மாற்றும் வேளையில் எப்படியும் மீனை எண்ணித் தரம் பிரிப்பீர்கள், அப்போதே ஊசியையும் முடித்துவிட்டால் மீனுக்கு ஒரு தொந்தரவு மிச்சம்.

முந்தைய நாளிலிருந்தே தீவனத்தை நிறுத்துங்கள். குடல் காலியாக இருந்தால் ஊசிமுனை அதைக் குத்தாது, மயக்கத்தில் வாந்தியும் வராது. அளவு வாரியாகப் பிரியுங்கள், ஏனென்றால் ஊசியின் நீளம் மீனின் அளவைப் பொறுத்தது. முனை வயிற்றுச் சுவரைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் உள்ளே போக வேண்டும். குட்டையாக இருந்தால் மருந்து தசையில் தங்கிப் புண்ணாகும், நீளமாக இருந்தால் குடலிலோ சிறுநீரகத்திலோ பாயும். மயக்கத்துக்குக் கிராம்பு எண்ணெய், பென்சோகெயின், எம்.எஸ்.-222 போன்றவை பயன்படுகின்றன. உண்ணும் மீனில் எதற்கு அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிராம்பு எண்ணெய் தண்ணீரில் நேராகக் கலக்காது, முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைக்க வேண்டும். எந்த மருந்தானாலும் ஐந்தாறு மீனை விட்டுப் பார்த்து, சாய்ந்து விழுந்தும் செவுள் அசைந்துகொண்டிருக்கும் அளவைப் பிடித்துக்கொண்டு அப்புறம் தொடங்குங்கள். மேசை ஈரமாகவும் வழவழப்பாகவும் இருக்கட்டும், காய்ந்த கையால் பிடித்தால் மேல்வழு போய் அங்கே புண் வரும். மீனை வயிறு மேலே தெரியத் திருப்பி, நடுக்கோட்டில், வயிற்றுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால் குத்த வேண்டும். மருந்தின் அளவு, அந்தந்த மருந்தைப் பொறுத்து, பெரும்பாலும் 0.05 அல்லது 0.1 மில்லிலிட்டர். எண்ணெய் மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைத்திருந்து, போடுவதற்கு முன் அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் கெட்டியாக நின்று சிரிஞ்சு சரியான அளவைத் தள்ளாது. உறைந்துபோன மருந்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வேலை நடக்கும்போதே ஒரு சோதனை செய்யலாம், நான் இருக்கும் இடத்தில் இதை விடுவதே இல்லை. ஒவ்வொருவர் போட்ட மீனிலும் இரண்டு மூன்றை எடுத்து, வலியில்லாமல் கொன்று, வயிற்றைத் திறந்து பார்ப்பது. பால் போன்ற வெள்ளைத் துளி குடலைச் சுற்றியுள்ள கொழுப்பின் மேல் உட்கார்ந்திருந்தால் கை சரியாக இருக்கிறது. தசைக்குள் வெள்ளைக் கோடாகத் தெரிந்தாலோ, எங்குமே தெரியாவிட்டாலோ, உடனே அவரை நிறுத்தி ஊசியையும் கோணத்தையும் பார்க்க வேண்டும். மதியத்துக்கு மேல் கை சோர்ந்தபின் இந்தத் தவறு கூடும். முனை மழுங்கிய ஊசியும் அப்போதுதான் தொல்லை தரும், அதை நேரம் பார்த்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பக்க விளைவு இல்லாமல் இல்லை. எண்ணெய் மருந்து வயிற்றுக்குள் நெடுநாள் தங்கி மெல்ல மெல்லக் கசிவதால்தான் பாதுகாப்பு நீடிக்கிறது. அதே காரணத்தால் அங்கே அழற்சி வந்து, குடலும் வயிற்றுச் சுவரும் ஒட்டிக்கொள்ளலாம், உள்ளே கறுப்புத் திட்டு படியலாம். முதல் சில நாள் தீவனம் எடுப்பது குறையும், வளர்ச்சி கொஞ்சம் தடைபடும். சால்மனில் இதை மதிப்பிட 0 முதல் 6 வரை ஓர் அளவுகோலே வைத்திருக்கிறார்கள். ரொம்பச் சின்ன மீனுக்குப் போட்டால் இந்தப் பாதிப்பு கூடும், அதனால்தான் அவசரப்படக் கூடாது.

இதெல்லாம் செய்து என்ன கிடைக்கும்? சந்தேகமே இல்லாமல் நிரூபணமான உதாரணம் நார்வே. 1987-இல் அந்நாட்டு மீன் பண்ணைகள் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாட்டிக் பயன்படுத்தின, உற்பத்தியும் அப்போது ஏறக்குறைய 50,000 டன்தான். குளிர்நீர் விப்ரியோ நோய்க்கும், பிறகு 1990-களின் தொடக்கத்தில் ஃபுருங்குலோசிஸுக்கும் தடுப்பூசி வந்தபின் அந்த அளவு சரிந்து, உற்பத்தி பத்து லட்சம் டன்னைத் தாண்டிய காலத்தில் வருடத்துக்கு ஒரு டன்னுக்கும் கீழே நின்றது. ஆனால் இதைத் தடுப்பூசி மட்டுமே செய்தது என்று சொல்வது பாதிக் கதை. ஓர் இடத்தில் ஒரே வயது மீனை மட்டும் வளர்ப்பது, அறுவடைக்குப் பின் இடத்தைக் கொஞ்ச காலம் காலியாக விடுவது, பண்ணைகளைத் தள்ளித் தள்ளி அமைப்பது எல்லாம் சேர்ந்து நடந்தன. எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம் சிலி. அங்கே சால்மன் மீன்களுக்குப் பிசிரிக்கெட்சியா நோய்த் தடுப்பூசி பரவலாகப் போடுகிறார்கள், அப்படியும் அந்த நோய்க்காகவே வருடந்தோறும் நூற்றுக்கணக்கான டன் ஆன்டிபயாட்டிக் செலவாகி வந்திருக்கிறது. காரணம், அந்தக் கிருமி மீனின் செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. ரத்தத்தில் சுற்றும் எதிரணு அதைத் தொட முடியாது. கொல்லப்பட்ட கிருமியால் செய்த மருந்து, கிருமி புகுந்த செல்லையே தாக்கும் செல்வழி எதிர்ப்பைப் போதுமான அளவு தூண்டுவதில்லை.

உங்கள் கிருமி இந்த இரண்டில் நார்வே பக்கம்தான் அதிகம் சாய்கிறது. சீரோடைப் பொருந்திய ஊசித் தடுப்பூசி திலாப்பியாவில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாவைக் கணிசமாகக் குறைக்கும் என்பது உறுதி. அது தொற்றையே அடியோடு நிறுத்துமா என்றால், இல்லை. தடுப்பூசி போட்ட மீனும் கிருமியைச் சுமக்கலாம், தண்ணீரில் விடலாம். ஆகவே அதே கூண்டு வரிசையில் ஊசி போடாத மீனைச் சேர்த்து வைப்பது கெடுதல். ஒரு பேட்சுக்குப் போட்டு அடுத்ததை விட்டுவிடுவதும் அப்படித்தான்.

சர்ச்சையில் இருக்கும் விஷயங்களும் உண்டு. தாய் மீனுக்குத் தடுப்பூசி போட்டால் முட்டை வழியாகக் குஞ்சுக்கு எதிரணு போகிறது, ஆனால் அது சில வாரத்தில் கரைந்துவிடுகிறது, பெரிய மீனைத் தாக்கும் நோய்க்கு அதன் பயன் குறைவு என்பது என் கருத்து. உங்கள் பண்ணையிலேயே பிரித்தெடுத்த கிருமியைக் கொன்று உங்களுக்கென்றே செய்து தரும் தடுப்பூசி, சீரோடைப் சரியாகப் பொருந்தும் என்பதால் நல்ல யோசனை. அதன் தரமோ செய்பவரைப் பொறுத்து ஏறி இறங்கும். பாதுகாப்புச் சோதனை, கிருமி முழுதாகச் செத்ததா என்ற சோதனை இரண்டுக்கும் சான்று இல்லாமல் வாங்காதீர்கள். பீட்டா குளுக்கான், பூண்டுச் சாறு என்று எதிர்ப்பு சக்தி கூட்டும் பொருள்களைத் தடுப்பூசி என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். அவை பொதுவான தற்காப்பைக் கொஞ்சம் உசுப்பலாம், குறிப்பிட்ட கிருமியைக் கற்றுக்கொடுக்காது. இறாலும் வளர்க்கிறீர்களா என்று தெரியவில்லை. வளர்த்தால் ஒன்று: இறாலுக்கு எதிரணுவே கிடையாது, மீன் தடுப்பூசியின் தர்க்கம் அங்கே செல்லாது.

சாப்பிடுவது பற்றிய கேள்விக்கு வருகிறேன். கொல்லப்பட்ட கிருமி மீனுக்குள் புரதமாகச் சிதைந்து போய்விடுகிறது, 30 கிராமில் ஊசி போட்ட மீன் விற்பனை அளவுக்கு வர மாதங்கள் ஆகும், மருந்து தங்குவது நாம் தூக்கி எறியும் குடல் பக்கத்தில். லேபிளில் அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்கள் என்று போட்டிருந்தால் அதைக் கடைப்பிடியுங்கள், அது போதும். உண்மையான ஆபத்து தடுப்பூசி போடாத பக்கம் இருக்கிறது. 1995-96-இல் கனடாவின் டொராண்டோவில், திலாப்பியாவைக் கழுவி நறுக்கும்போது கையைக் கீறிக்கொண்டவர்களுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே தொற்றியது. 2015-இல் சிங்கப்பூரில் பச்சையாக நன்னீர் மீன் சாப்பிட்டவர்களுக்கு அகலாக்டியேயின் மூன்றாம் வகை ஒன்று கடும் நோயைத் தந்தது. நன்றாக வேகவைத்தால் இரண்டும் சாகும். நீங்களும் உங்கள் ஆட்களும் நோய்பட்ட மீனைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், திலாப்பியாவின் முதுகு முள் சுலபமாகக் குத்தும்.

ஊசி போடும் ஆளுக்கு ஓர் எச்சரிக்கை. எண்ணெய் மருந்து தவறி விரலில் ஏறிவிட்டால், கொஞ்சம்தானே என்று விடக் கூடாது. விரல் வீங்கி ரத்த ஓட்டம் தடைபடலாம், சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். வலி இல்லாவிட்டாலும் மருந்தின் தாளை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசிமுனைக்குக் காப்பு உள்ள சிரிஞ்சு வாங்குங்கள், வேலை தொடங்குமுன் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, போட்டது வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? சாவு குறைந்தால் தடுப்பூசி, கூடினால் அதன் குற்றம் என்று பேசுவதில் அர்த்தம் இல்லை, அந்த வருடம் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்திருக்கலாம். முடிந்தால் ஒரு சின்னக் கூண்டில் அதே குஞ்சுகளை, அதே நாளில், மயக்கி, மருந்து மட்டும் போடாமல் தனியே விடுங்கள். ஊசி போடாத மீன் கெடுதல் என்று நானே சொன்னேன், அதனால் அது சின்னதாகவும் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கத்திலும் இருக்கட்டும். இரண்டிலும் தினசரிச் சாவை எழுதி வையுங்கள், செத்தவற்றில் சிலவற்றின் மூளையை ஆய்வகத்தில் காட்டுங்கள். ஊசி போடாததில் நூற்றுக்கு 60 செத்து, போட்டதில் 12 செத்தால் 12-ஐ 60-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழியுங்கள். 0.8, அதாவது 80 சதவீதப் பாதுகாப்பு. ஊசி போடாததில் நூற்றுக்கு ஐந்து மட்டுமே செத்திருந்தால், நோய் அந்த முறை வலுவாக வரவே இல்லை என்று பொருள், அந்தக் கணக்கை வைத்து மருந்தைப் புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். அடுத்த சூட்டுக்காலம் வரை எழுதிக்கொண்டே போங்கள்.